நற்சூதரும் சூதைத் தொழிலாகக் கொண்டோரும்

திருச்சிற்றம்பலம்



ஒரு கார்த்திகைத் திங்கள் மூல நாளன்று, மூர்க்க நாயனார் குருபூசையை ஒட்டி நிகழ்ந்த சொற்பொழிவு நிறைவுற்று, அன்பர்கள் திருநீறு பெற்றுக் கலைந்து சென்றுகொண்டிருந்த வேளையில், முதியவர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு மேடையருகே வந்தார். "ஐயா, இவனுக்கு ஓர் ஐயம். தங்களிடம்தான் கேட்பேன் என்கிறான்" என்று கூறி ஒதுங்கி நின்றார். அந்த இளைஞர் பணிவோடுதான் பேசினார்.

"ஐயா, நான் கணினித் துறையில் வேலை பார்க்கிறேன். ஓய்வு நேரத்தில் போக்கர் என்னும் சீட்டாட்டம் ஆடுகிறேன். இரண்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். இழந்ததைவிட வென்றதே மிகுதி. வேலையை விட்டு, வெளிநாடு சென்று, இதையே முழுநேரத் தொழிலாகக் கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். முதலுக்காக ஊரிலுள்ள நிலத்தை விற்றுத் தரும்படி அப்பாவைக் கேட்டேன். அவர் கூடாது என்கிறார். சற்று முன்பு தாங்கள் போற்றிய நாயனார் சூதாடித்தானே பொருள் ஈட்டினார்? அவரைக் கும்பிடுகின்ற நாம் என்னை மட்டும் தடுப்பது முறையாகுமா?"

வினா கூர்மையானது. 'சூது பாவம்' என்று ஒரு சொல்லில் கூறி அவரை அனுப்பியிருக்கலாம். ஆனால், அப்படிக் கூறினால் நாயனாருக்கு என்ன விடை சொல்வது? "பொறுங்கள் தம்பி, படித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் அன்று கூறினேன். பின்னர்ப் படித்தறிந்தவற்றையும், அவற்றைக் கொண்டு அவர்க்குக் கூறிய விடையையும் இத்திருவிழாவில் உங்கள் முன் வைக்கின்றேன். இவ்வினா இன்று ஒரு வீட்டு வினாவாக மட்டும் இல்லை.

நாயனார் வரலாறு

தொண்டை நாட்டுத் திருவேற்காட்டில் வேளாளர் குலத்தில் தோன்றியவர் நாயனார். அடியார்களுக்கு அமுதூட்டிய பின்னரே தாம் உண்ணுவதை நோன்பாகக் கொண்டவர். நாள்தோறும் வருவார் தொகை பெருகிற்று, செல்வம் குறைந்தது. நிலங்களை விற்றார்; அடிமைகளை விற்றார்; விற்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்ற நிலையிலும் நோன்பைக் கைவிட மனம் ஒப்பவில்லை. அந்நிலையில்தான், முன்னமே கற்றிருந்த சூதினை நினைந்தார்.

தம் ஊரில் அவரோடு ஆடுவதற்கு ஒருவரும் இல்லாது போயிற்று. ஆகவே ஊரை விட்டுப் புறப்பட்டார். சிவபெருமான் எழுந்தருளிய பதிகளை வணங்கிக்கொண்டே சென்று, திருக்குடந்தையை அடைந்து, அங்குத் தங்கினார். முதற்சூதில் தோற்பார், பின்வரும் சூதுகளில் வெல்வார். வென்ற பொருளைத் தர மறுத்தவரைச் சுரிகையால் குத்தினார். அதனாலேயே மூர்க்கர் என்னும் பெயரும் நற்சூதர் என்னும் பெயரும் அவருக்கு ஒருங்கே வாய்த்தன. சேக்கிழார் பெருமான் இவற்றுள் எதனையும் மறைத்தாரல்லர் என்பதை நாம் முதலில் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அவர் கூறும் மற்றொரு செய்தி இதனினும் முதன்மையானது. சூதில் வென்ற பொருளை நாயனார் தம் கையாலும் தீண்டவில்லை. அதனை அமுது சமைப்பவர்களே எடுத்துக்கொண்டனர். அடியார் அனைவரும் உண்டு எழுந்த பின், கடைப்பந்தியில் அமர்ந்து அவர் உண்டார். இவ்விரு செய்திகளையும் மனத்தில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

கவறும் கழகமும்

சூதாட்டம் நம் நாட்டுக்குப் புதியதன்று. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டிலத்தில் முப்பத்து நான்காம் பதிகம் முழுவதும் ஒரு சூதாடியின் புலம்பலே ஆகும். தான்றிக்காய்களைக் கவறாக உருட்டி ஆடிய காலம் அது. மனைவி வெறுத்தாள், மாமியார் வெறுத்தாள், இனி ஆடேன் என்று உறுதி பூண்டவன், கவறு விழும் ஓசை கேட்டதும் மீண்டும் ஓடுகின்றான். கவறை விட்டு உன் வயலை உழு என்பதே அவனுக்குக் கூறப்படும் அறிவுரை. மகன் நிலத்தை விற்கச் சொல்லி நின்ற தந்தையை நினைக்கும்போது, அப்பழம்பதிகம் இன்று எழுதப்பட்டது போலவே தோன்றுகின்றது.

தருமன் நாடிழந்ததும், நளன் நாடிழந்து காடடைந்ததும் நாம் அறிந்த கதைகள். ஆனால், நளன் கதையில் ஒரு நுட்பம் உண்டு. இருதுபன்னனிடம் கவற்றின் மறையைக் கற்றுக்கொண்டு, மீண்டும் ஒருமுறை ஆடி, இழந்த நாட்டை வென்றான். வென்ற பின் ஆட்டத்தையே வாழ்வாகக் கொள்ளவில்லை. அரசு செய்யச் சென்றான். திறமை இருந்தும் நிறுத்தத் தெரிந்ததே அவன் பெற்ற மெய்யான வெற்றி.

திருவள்ளுவர் பொருட்பாலில் சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அது தொண்ணூற்று நான்காவது. சூதாடும் இடத்திற்கு அக்காலத்தில் கழகம் என்பது பெயர். அவ்வதிகாரத்தைத் தோல்வியின் கொடுமையோடு அவர் தொடங்கவில்லை என்பது கருதத்தக்கது. வென்றாலும் வேண்டாம் என்றே தொடங்குகின்றார். தூண்டில் முள்ளை இரையென்று விழுங்கிய மீனுக்கு, விழுங்கிய அந்த நொடி வெற்றியாகத்தானே தோன்றும்? இரண்டு ஆண்டு வெற்றிக் கணக்கோடு வந்து நின்ற இளைஞருக்கு இதனினும் பொருத்தமான எச்சரிக்கை இல்லை. எனினும் உவமையோடு நின்றுவிடாமல், அவர் கூறிய போக்கர் ஆட்டத்தின் வரலாற்றையும் ஆராய்ந்து பார்ப்பதே நேர்மை.

போக்கர் பிறந்த கதை

போக்கர் அமெரிக்க நாட்டில், மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்த நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவெடுத்தது. தொடக்கத்தில் இருபது சீட்டுகளைக் கொண்டே ஆடினர். பின்னரே ஐம்பத்திரண்டு சீட்டுகள் வந்தன. நீராவிக் கப்பல்கள் அவ்வாற்றில் பருத்தியையும் பயணிகளையும் ஏற்றிச் சென்றன. அவற்றோடு சூதையே தொழிலாகக் கொண்டோரும் ஊர் ஊராகச் சென்றனர். நன்கு உடுத்தி, இனிதாகப் பேசி, பயணிகளின் பணத்தைக் கவர்ந்தவர்கள் அவர்கள். மக்கள் சினம் ஒருநாள் வெடித்தது. 1835ஆம் ஆண்டு ஜூலை மாதம் விக்ஸ்பர்க் நகரத்தார் சூதாடிகள் ஐவரை விசாரணையின்றித் தூக்கிலிட்டனர். அச்செயலும் அறமன்று, ஆயினும், அத்தொழிலை ஊரார் எவ்வாறு கண்டனர் என்பதற்கு அது சான்று.

அத்தொழிலில் இருந்து திருந்திய ஜோனதன் கிரீன் என்பவர், சூதின் சூழ்ச்சிகளையும் துன்பங்களையும் வெளிப்படுத்தி 1843ஆம் ஆண்டு ஒரு நூல் எழுதினார். திருந்தாதவரும் எழுதினர். நாற்பது ஆண்டுக் காலம் மிசிசிப்பியில் சூதாடிய ஜார்ஜ் டெவால் என்பவர் 1887ஆம் ஆண்டு தம் வரலாற்றை வெளியிட்டார். பிறரிடம் சீட்டில் வென்ற பெரும்பொருளை, ஃபேரோ என்னும் மற்றோர் ஆட்டத்தில் அவர் இழந்துகொண்டே இருந்தார். தாம் வல்லவராயிருந்த ஆட்டத்தில் வந்த பொருள், தாம் வல்லவரல்லாத ஆட்டத்தின் வழியே வெளியேறியது. இதனை நினைவில் வையுங்கள். பின்னர் மீண்டும் வரும்.

தொழிலாகக் கொண்ட ஒருவர்

இளைஞரின் வினாவுக்கு நேரான எடுத்துக்காட்டு டாயில் பிரன்சன் என்பவர். 1933ஆம் ஆண்டு டெக்சஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். ஓட்டப்பந்தயத்திலும் கூடைப்பந்திலும் வல்லவர். பெயர் பெற்ற கூடைப்பந்துக் குழுவொன்று அவரைச் சேர்த்துக்கொள்ளக் கருதியது. கோடை விடுமுறையில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தபோது பாரம் சரிந்து விழுந்து காலெலும்பு நொறுங்கிற்று. விளையாட்டுக் கனவு அன்றோடு முடிந்தது. படிப்பை விடவில்லை, கல்வித் துறையில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

பின்னர், அலுவலகக் கணக்குப்பொறிகளை விற்கும் வேலையில் சேர்ந்தார். வேலையின் முதல் நாளிலேயே சீட்டாட்டம் ஒன்றிற்கு அழைக்கப்பட்டு, ஒரு திங்கள் ஊதியத்தினும் மிகுதியாக வென்றார் என்பது அவரே கூறிய செய்தி. விரைவில் வேலையை விட்டார். இந்த இடத்தில்தான் நம் இளைஞர் இன்று நிற்கின்றார்.

அதன்பின் அவர் வாழ்வு எளிதாக அமையவில்லை. டெக்சஸ் மாநிலத்தில் அவ்வாட்டங்கள் சட்டத்திற்குப் புறம்பானவை. நண்பர் இருவரோடு கூட்டாக முதலிட்டு ஊர் ஊராகச் சென்று ஆடினார். காவலர்க்கும் அஞ்சவேண்டும்; கொள்ளையர்க்கும் அஞ்சவேண்டும். துப்பாக்கி முனையில் பொருளைப் பறிகொடுத்தது ஒருமுறையன்று. ஆண்டுக்கணக்கிற் சேர்த்த கூட்டு முதல் முழுவதையும் லாஸ் வேகாஸ் நகரில் இழந்து, மூவரும் கூட்டினைக் கலைத்தனர்.

1970ஆம் ஆண்டு அந்நகரத்தில், பென்னி பினியன் என்பவரின் விடுதியில் போக்கர் உலகத் தொடர் தொடங்கிற்று. முதலாண்டில் தலைசிறந்தவர் யார் என்பதை ஆடியவர்களே வாக்களித்துத் தேர்ந்தனர். ஜானி மாஸ் என்பவர் தேர்வானார். பிரன்சன் 1976, 1977 ஆகிய இரண்டாண்டுகளிலும் முதன்மைப் போட்டியில் வென்றார். தம் ஆட்ட முறைகளை விளக்கிப் பெரிய நூல் ஒன்றும் வெளியிட்டார். மகளைப் பதினெட்டு வயதிற் பறிகொடுத்தபோது தம் சமய நூல்களில் ஆறுதல் தேடினார். 2023ஆம் ஆண்டு மே மாதம் தம் எண்பத்தொன்பதாம் வயதில் காலமானார். சூதைத் தொழிலாகக் கொண்டும் நெடிது வாழ்ந்து, குடும்பத்தோடும் மதிப்போடும் மறைந்தார் என்பதை நாம் மறுத்தல் கூடாது. சூதாடுவோர் அனைவரும் அழிவர் என்று கூறினால், இளைஞர் இந்த ஒருவரைச் சுட்டிக்காட்டி நம்மை வாயடைத்துவிடுவார்.

வென்றும் தோற்றவர்

ஆயினும், அவ்வரலாற்றின் பக்கத்திலேயே மற்றொரு வரலாறு உள்ளது. ஸ்டூ அங்கர் என்பவர் 1953ஆம் ஆண்டு நியூயார்க் நகரிற் பிறந்தவர். ஜின் ரம்மி என்னும் ஆட்டத்தில் அவரை வெல்வார் எவரும் இலர். எதிரே அமர்ந்து ஆடுவதற்கே ஆளில்லாது போனமையால், லாஸ் வேகாஸ் சென்று போக்கர் ஆடத் தொடங்கினார். திருவேற்காட்டில் ஆடுவாரின்றி ஊரை விட்டுப் புறப்பட்ட நாயனாரின் நினைவு நமக்கு வருகின்றதன்றோ? ஒற்றுமை அந்த ஓரிடத்தோடு முடிந்துவிடுகின்றது.

1980, 1981 ஆகிய இரண்டாண்டுகளில் உலகத் தொடரை வென்றார். போக்கரில் வென்றதைக் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் இழந்தார், போதைப்பொருளுக்கும் அடிமையானார். 1997ஆம் ஆண்டு நுழைவுக் கட்டணம் செலுத்தவும் பொருளின்றி நின்றவர்க்கு வேறொருவர் பணம் கட்டினார். மூன்றாம் முறையாக வென்றார். பரிசு பத்து இலட்சம் டாலர். அதிற் பாதி பணம் கட்டியவருக்குச் சென்றது. எஞ்சியதும் தங்கவில்லை. 1998ஆம் ஆண்டு நவம்பர் மாதம், மலிவான விடுதி அறையொன்றில் இறந்து கிடந்தார். வயது நாற்பத்தைந்து. ஈமச் செலவுக்கு நண்பர்கள் பணம் திரட்டினர்.

அவர் திறமையில் குறைந்தவரல்லர். சீட்டாட்டத்தில் அவருக்கு நிகரானோர் மிகச் சிலரே என்று அத்துறையினர் இன்றும் கூறுகின்றனர். டெவாலின் கதையே இங்கு மீண்டும் வருகின்றது. வெல்லும் திறம் வேறு. வென்றதைக் காக்கும் திறம் வேறு. முன்னது சீட்டு மேசையில் அளக்கப்படுகின்றது. பின்னது ஆட்டம் முடிந்து எழுந்த பின்பே அளக்கப்படுகின்றது.

ஒரு கணக்கரின் வெற்றியும் அதன் நிழலும்

இருபத்தொன்றாம் நூற்றாண்டில் இவ்வாட்டத்தை உலகெங்கும் பரப்பியது 2003ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு வெற்றி. டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கணக்கர் கிறிஸ் மணிமேக்கர். இணையவழியே, நூறு டாலருக்கும் குறைந்த கட்டணத்தில் ஆடிய தகுதிப் போட்டியில் வென்று, பத்தாயிரம் டாலர் நுழைவுக் கட்டணமுள்ள முதன்மைப் போட்டியில் இடம் பெற்றார். 839 பேர் ஆடிய அப்போட்டியில் வென்று, இருபத்தைந்து இலட்சம் டாலர் பரிசு பெற்றார். கணக்கர் வேலையை விட்டு ஆட்டத்தையே தொழிலாக்கிக்கொண்டார். மறு ஆண்டு 2,576 பேர் வந்தனர். 2006ஆம் ஆண்டில் 8,773 பேர் வந்தனர். ஒருவர் வென்றதைக் கண்டு பல்லாயிரவர் வந்தனர். ஆனால், ஆண்டுதோறும் முதற்பரிசு பெற்றவர் ஒருவரே. வேலையை விட்டு வென்றவரின் பெயர் நமக்குத் தெரிகின்றது. வேலையை விட்டுத் தோற்றவர்களின் பெயரை எவரும் எழுதி வைப்பதில்லை.

கணிதம் சொல்வது

சூதினைப் பற்றிய கணிதமும் சூதாடிகளாலேயே பிறந்தது. இத்தாலிய மருத்துவர் கார்டானோ பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். பல்லாண்டு பகடையாடிப் பொருளும் காலமும் இழந்தவர். பகடையின் வாய்ப்புகளைக் கணக்கிட்டு அவர் எழுதிய நூல், அவர் மறைந்து நெடுநாள் சென்று 1663ஆம் ஆண்டு வெளிவந்தது. சூதில் பெறக்கூடிய பேராதாயம் ஆடாதிருப்பதே என்பது அவ்வல்லுநர் கண்ட முடிவு. 1654ஆம் ஆண்டு பாஸ்கல், ஃபெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், இடையில் நின்ற ஆட்டத்தின் பணயத்தை எவ்வாறு பங்கிடுவது என்று மடல்களில் ஆராய்ந்தனர். நிகழ்தகவு என்னும் கணிதத் துறை அவ்வாறு வளர்ந்தது. அளவுக்குட்பட்ட முதலோடு ஆடுபவன் முற்றிலும் பொருளிழக்கும் வாய்ப்பு எவ்வளவு என்னும் வினாவை ஹைகன்ஸ் என்னும் அறிஞர் 1657ஆம் ஆண்டு தம் நூலிற் சேர்த்தார். முழுநேரச் சூதாடியின் வாழ்வு அந்த ஒரு வினாவிலேயே அடங்கியுள்ளது.

எளிய கணக்கொன்று பார்ப்போம். ஒன்பது பேர் தலைக்குப் பத்தாயிரம் ரூபாயோடு ஒரு மேசையில் அமர்கின்றனர் என்று கொள்வோம். மேசையில் உள்ள பொருள் தொண்ணூறாயிரம். ஆட்டம் நடத்துவோர் ஒவ்வொரு கையிலும் தம் பங்கினை எடுத்துக்கொள்வர். இரவு முடிவதற்குள் அது ஒன்பதாயிரம் ஆயிற்று என்றால், ஒன்பது பேரிடமும் சேர்ந்து எஞ்சுவது எண்பத்தோராயிரமே. உழவன் ஒரு படி விதைத்துப் பல படி காண்கின்றான். இம்மேசையிலோ ஒன்றும் விளைவதில்லை, உள்ளது குறைகின்றது. ஒருவன் வாழவேண்டுமாயின் மற்றொருவன் இழந்தே ஆகவேண்டும்.

திறமை உண்டா என்றால், உண்டு. ஐம்பத்திரண்டு சீட்டுகளில் ஐந்து ஐந்தாகப் பிரித்தால் 25,98,960 வகைக் கைகள் அமையும். அவற்றின் வாய்ப்பறிந்து, எதிராளியின் மனமறிந்து, பொறுமையோடு ஆடுபவன் நெடுநாளில் முந்துவான். ஆனால், அந்த 'நெடுநாள்' எவ்வளவு என்பதே இடர். டெக்சஸ் முறை ஆட்டத்தில் இரண்டு ஏஸ் சீட்டுகள் கையில் இருப்பதே மிகச் சிறந்த தொடக்கம். இரண்டு ராஜாக்களை வைத்திருப்பவனை எதிர்த்து அது ஏறத்தாழ ஐந்தில் நான்கு முறை வெல்லும். ஒரு முறை தோற்கும். பிழையே செய்யாதவனும் தோற்கும் நாட்கள் வரும், திங்கள்களும் வரும். வேலையிலிருப்பவன் அத்திங்களில் ஊதியம் கொண்டு உண்பான். ஆட்டமே தொழிலானவன், இழந்த முதலிலிருந்தே வாடகையும் கொடுத்து, பிள்ளைக்குப் பாலும் வாங்குதல் வேண்டும். முதல் இரு வழியிலும் கரையும். ஓய்வு நேரத்தில் எழுதிய இரண்டாண்டு வெற்றிக் கணக்கு, முழுநேர வாழ்வுக்கு உறுதியாகாமைக்குக் காரணம் இதுவே.

நம் நாட்டில் சட்டமும் இங்குக் குறுக்கிடுகின்றது. இணையவழிச் சூதினால் குடும்பங்கள் பொருளிழந்தமையும், உயிர் மாய்த்துக்கொண்டோர் செய்திகளும் கண்டு, தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022ஆம் ஆண்டு தடைச் சட்டம் இயற்றியது. 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமைக்குரிய ஆட்டங்கள் எனக் கொண்டு, அவ்விரண்டையும் அத்தடையிலிருந்து நீக்கியது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாடாளுமன்றம், திறமையா வாய்ப்பா என்று வேறுபாடு காணாமல், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுத்துச் சட்டம் நிறைவேற்றியது. மூன்றாண்டுக்குள் ஒரு தொழிலின் நிலை இவ்வளவு மாறுமாயின், அதை நம்பி நிலத்தை விற்பது எவ்வாறு?

நாயனாரின் உரைகற்கள்

இனி, இளைஞரின் முதல் வினாவுக்கு வருவோம். நாயனார் சூதாடினாரே, நான் ஆடினால் என்ன?

நாயனார் வரலாறே இதற்கு நான்கு உரைகற்களை நமக்குத் தருகின்றது.

முதலாவது, எதன்பொருட்டு? நாயனார் நிலத்தை விற்றது அடியார்க்கு அமுதூட்டுவதற்கு. சூதாடுவதற்கு முதல் தேடி அன்று. ஈதலிற் பொருள் தீர்ந்த பின்னரே சூது வந்தது. நிலத்தை விற்றுச் சூதுக்கு வருவது அவ்வரலாற்றைத் தலைகீழாக நிறுத்துவதாகும்.

இரண்டாவது, யார் பொருளைப் பணயம் வைப்பது? தாய் தந்தையர் முதுமைக்கு வைத்துள்ள பொருளும், மனைவி மக்கள் உணவுக்குரிய பொருளும் ஆடுபவன் பொருள் ஆகா. தருமன் தம்பியரையும் துருபதன் மகளையும் வைத்தாடியதே அவன் பிழைகளுள் தலையாயது.

மூன்றாவது, வென்ற பொருள் நம்மை என் செய்கின்றது? நாயனார் அதனைத் தீண்டவில்லை. தீண்டாதவனைப் பொருள் பற்றாது. அங்கர் பத்து இலட்சம் டாலர் வென்றார். அப்பொருள் அவரைப் பற்றி இழுத்துச் சென்றது. வென்ற இரவில் அமைதியாக உறங்குகின்றோமா, மீண்டும் ஆடக் கை துடிக்கின்றதா என்பதை அவரவரே தம் நெஞ்சைக் கேட்டறிதல் வேண்டும்.

நான்காவது, எந்தப் பந்தியில் அமர்கின்றோம்? நாயனார் கடைப்பந்தியில் அமர்ந்தார். தொழிற் சூதாடி முதற்பந்தியில் அமர்பவன். மேசையில் தன்னினும் எளியவனைத் தேடியே அமர்தல் வேண்டும். வலியவரோடு மட்டும் ஆடினால் பிழைப்பில்லை. அந்த எளியவன் யார்? அன்று ஊதியம் பெற்று, மனைவிக்குத் தெரியாமல் வந்தவனாக இருத்தல் கூடும். அவன் இழப்பதே நம் ஊதியம் என்பதை அறிந்தும் நாள்தோறும் மகிழ்வோடு அமர இயலுமா?

இந்நான்கிலும் தேறியவர் ஒருவர் உண்டெனில், அவரையும் சுந்தரமூர்த்தி சுவாமிகள் வழியில் நாம் வணங்குவோம். சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் மூர்க்க நாயனாரை வைத்தது அவர் ஆடிய சூதுக்காக அன்று. தாம் பழிக்கப்படுவதையும் பொருட்படுத்தாது, அடியார் பசித்திருக்கப் பொறாத அன்புக்காக. அறுபத்து மூவர் வாழ்வில் நாம் பின்பற்றத் தக்கது அன்பு. அவர்கள் செயல்களை அப்படியே நாம் செய்யத் துணிந்தால், கண்ணப்பர் வழியில் கண்ணையும் இடந்துவைக்க வேண்டிவரும். அது எவர்க்கும் கூடுவதன்று.

இவற்றையெல்லாம் அந்த இளைஞரிடம் ஒரு மாலை முழுவதும் அமர்ந்து கூறினேன். 'ஆடாதே' என்று நான் ஆணையிடவில்லை. "வேலையை விடாதீர்கள், நிலத்தைத் தொடாதீர்கள், அப்பாவிடம் உங்கள் கணக்கேட்டை மறைக்காமல் காட்டுங்கள், மூன்றாம் உரைகல்லை மட்டும் நாள்தோறும் உங்களுக்கு நீங்களே வைத்துப் பாருங்கள்" என்றேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "நான்காவதுதான் ஐயா எனக்குக் கடினமாக இருக்கிறது. எதிரே இருப்பவரை நான் இதுவரை ஓர் ஆளாக எண்ணியதே இல்லை" என்றார். அச்சொல்லைக் கேட்ட பின்பு எனக்குக் கூறுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அண்மையில் அப்பெரியவரிடமிருந்து மடல் வந்தது. நிலம் விற்கப்படவில்லை, அவ்வாண்டு நல்ல விளைச்சல், மகன் வேலையிலேயே இருக்கின்றார், குருபூசை அன்னதானத்திற்கு ஒரு மூட்டை அரிசி அனுப்புகின்றார்கள் என்று எழுதியிருந்தார். மகன் சீட்டை முற்றிலும் விட்டாரா என்பதைப் பெரியவர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அரிசி தம் வயலில் விளைந்தது என்று மட்டும் மடலின் ஓரத்தில் மகன் தம் கையால் எழுதியிருந்தார்.

அன்பர்களே, இத்தகைய வினாவோடு உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் வந்தால் வெகுளாதீர்கள். வினவ வந்தவன் இன்னும் நம்மைவிட்டுப் போய்விடவில்லை. அருகே அமர்த்தி, வென்றவர் வரலாற்றையும் மறைக்காமல், வென்றும் அழிந்தவர் வரலாற்றையும் விடாமல் எடுத்துரையுங்கள். பின்னர் நற்சூதர் வரலாற்றையும் கூறுங்கள். இன்று அன்னதானப் பந்தியில் அமரும்போது, எல்லாரும் உண்டு எழுந்த பின் கடைசியில் அமர்ந்த அப்பெரியோரை ஒரு கணம் நினைந்து, அதன்பின் உண்ணுங்கள்.

திருச்சிற்றம்பலம்